கறிக்கடையில் நாய்க்கு என்ன கேட்பது?

அன்பான நேயர்களே, வணக்கம்.

பாசாருக்குப் போகிறோம், கோழி வாங்குகிறோம். கடைக்காரர் துண்டு போட்டுக்கொண்டே, "கழுத்து, கால், தலை எல்லாம் வேணுமா?" என்று கேட்கிறார். "வேணாம், எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். வீட்டில் நாய் இருக்கிறது. ராத்திரி அதற்கு என்ன வைக்கிறோம்? சோற்றைப் போட்டு, மிச்சக் குழம்பை மேலே ஊற்றி, நாம் கடித்துத் துப்பிய எலும்பையெல்லாம் வழித்துக் கொட்டுகிறோம். நாய்க்கு ஏற்றது கடையிலேயே நின்றுபோகிறது. ஆகாதது அதன் தட்டுக்கு வந்து சேர்கிறது. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்தபோது நாயையும் கூட்டிக்கொண்டுதான் வந்தோம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான குடும்பங்கள் அப்படித்தான். அதனால் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் வீட்டு வாசலிலும் இப்போது ஒன்று படுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுப்பில் வேலையாக இருப்பவர்களும் இதை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெந்த எலும்பு வேண்டாம். கோழியானாலும் சரி, ஆடானாலும் சரி, வெந்த எலும்பை நாய்க்குப் போடாதீர்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். பச்சை எலும்பில் ஈரம் இருக்கிறது, கொலாஜன் என்ற நார்ப்பொருள் இருக்கிறது. கடித்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அடுப்பில் ஏறி இறங்கினால் அந்த நெகிழ்வு போய்விடும். பொரித்த கோழிக்காலைச் சாப்பிட்ட பிறகு அந்த எலும்பைக் கழுவி, இரண்டு கையாலும் ஒடித்துப் பாருங்கள். சாய்வாகப் பிளக்கும். ஒடிந்த முனையை விரலில் வைத்து அழுத்தினால் குத்தும். அதைத்தான் நாய் மென்றும் மெல்லாமலும் விழுங்குகிறது. தொண்டையில் சிக்கலாம், குடலைக் கிழிக்கலாம். "எங்க நாய் பத்து வருசமா சாப்பிடுது, ஒண்ணும் ஆகலியே" என்பார்கள். ஆகாதவரைக்கும் ஒன்றும் ஆகாதுதான். ஆகிற அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், கிளினிக் பூட்டியிருக்கும்.

குழம்பு இன்னொரு தொல்லை. நம்முடைய குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்குமா? இந்த இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒரு கரண்டியில் விழுந்துவிடாது. தினமும் கொஞ்சம், வாரக்கணக்கில் என்று போகும்போது ஈறு வெளுத்து, சோர்ந்து, சிறுநீர் கருத்துப் போகும். வயசாகிவிட்டது, அதனால்தான் படுத்தே கிடக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

சரி, அப்படியானால் கடையில் என்ன கேட்பது?

கோழிக் கடையில் கேட்க வேண்டியது கழுத்து, கால், அப்புறம் கூடு. நெஞ்சுக்கறியை எடுத்த பிறகு மிஞ்சுகிற விலாக்கூட்டைத்தான் சொல்கிறேன். எங்கள் பாசாரில் கோழி விற்கிறவர் சீனர். "தவுக்கே, தூலாங் ஆயாம் அடா?" என்று, அதாவது முதலாளி, கோழி எலும்பு இருக்கா என்று மலாயில் கேட்டால், "அடா, அடா. உந்தோக் அன்ஜிங்கா?" இருக்கு, நாய்க்கா என்று கேட்டுக்கொண்டே குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு பை எடுப்பார். நாய்க்குத்தான் என்று சொல்லிவிட்டால் தோலையும் கொழுப்பையும் அவரே கத்தியால் வழித்துத் தள்ளிவிடுவார். ஒரு வெள்ளி, ரெண்டு வெள்ளி கொடுப்பேன். சில நாள் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். ஆனாலும் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. காசு கொடுத்து வாங்குகிறவரிடம்தான் "இன்னிக்கு வந்ததா, நேத்து வந்ததா?" என்று கேட்கிற உரிமை இருக்கிறது. சும்மா வாங்கினால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

போகிற நேரமும் முக்கியம். காலையிலேயே போங்கள். நம் ஊர் வெயிலில் இறைச்சி வெளியே ரெண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. 32 டிகிரியைத் தாண்டிய நாளாக இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. பதினோரு மணிக்குப் போய், மேசையில் ஈ மொய்த்துக் கிடப்பதை நாய்க்குத்தானே என்று அள்ளிக்கொண்டு வராதீர்கள்.

ஆட்டுக்கறிக் கடையில் கேட்க வேண்டியது கழுத்தெலும்பு, நெஞ்செலும்பின் முனை, விலா நுனியில் இருக்கிற குருத்தெலும்பு, மூச்சுக்குழாய். இவையெல்லாம் மெல்லக்கூடியவை. தொடை எலும்பு, கால் எலும்பு, மாட்டுக்கால் மாதிரி உடம்பின் பாரத்தைத் தாங்குகிற எலும்பெல்லாம் வேண்டாம். நாய்க்கு 42 பல். மேல்வரிசையில் கன்னத்துப் பக்கம் பெரிதாக ஒரு பல் இருக்கும், எலும்பை உடைக்க அதைத்தான் பயன்படுத்தும். கடினமான கால் எலும்பில் அந்தப் பல்தான் பிளந்து போகிறது. வட்டமாக அறுத்த நல்லி எலும்பும் வேண்டாம். வளையம் கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் போகும்.

கடைக்காரரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அண்ணே, கொத்தாதீங்க, மூட்டுல கழட்டிக் குடுங்க." கத்தியால் கொத்தினால் பச்சை எலும்புக்கும் கூர்முனை வந்துவிடும். கொத்தாத துண்டாக, நாயின் வாயைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். மெல்லாமல் விழுங்க முடியாத அளவு. கோழிக்கழுத்தைப் பெரிய நாய் ஒரே மூச்சில் விழுங்கப் பார்க்கும். அப்படிப்பட்ட நாய்க்குக் கழுத்து வேண்டாம், கூடு கொடுங்கள்.

முஸ்லிம் அன்பர்கள் நடத்துகிற கறிக்கடையில் நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாயின் எச்சில் பட்டதை அவர்கள் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். அது அவர்கள் மார்க்கம். அதனால் நாயைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். நாய்த்தட்டையோ, நாய்க்கு வைத்த டப்பாவையோ அங்கே நீட்டாதீர்கள். தனியாக ஒரு சுத்தமான பை கொண்டு போங்கள். நாய்க்குத்தான் என்பதை மறைக்காமல் அமைதியாகக் கேளுங்கள். கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், இல்லை என்றால் முகம் சுளிக்காமல் வந்துவிடுங்கள். ஒரே பாசாரில் எல்லாரும் பிழைக்கிறோம்.

இந்த எலும்புப் பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் முதலில் படிக்கவில்லை. எங்கள் லயத்தில் கடைசி வீட்டுத் தாத்தாவிடம் கற்றது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

தீபாவளிக்கு முந்தின நாள் விடியற்காலையில், ஏழெட்டுக் குடும்பம் காசு போட்டு வாங்கிய ஆட்டை வெட்டிக் கூறு போடுவார்கள். வெட்டுகிறவர் இந்தத் தாத்தா. கொய்யா மரத்தடியில் வாழை இலைகளை வரிசையாக விரித்து, ஒவ்வொரு இலையிலும் ஈரல் ஒரு துண்டு, தொடை ஒரு துண்டு, விலா ஒரு துண்டு என்று கைக்கணக்கில் வைத்துக்கொண்டே போவார். தராசு கிடையாது, ஆனாலும் ஒருவரும் குறை சொன்னதில்லை. தோட்டத்து நாய்களெல்லாம் வந்து சற்றுத் தள்ளி, முன்னங்காலில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். குரைக்காது, கிட்டே வராது. இலை வரிசையின் கடைசியில் தாத்தா இன்னும் ஓர் இலை போடுவார். அது நாய்க்கூறு. கழுத்தெலும்பின் துண்டு, விலா நுனி, மூச்சுக்குழாய். நுரையீரலை மட்டும் தனியாக எடுத்து, கல் அடுப்பில் தகர டின்னை வைத்து வேகப்போடுவார்.

பெண்கள் சண்டைக்கு வருவார்கள். "கழுத்தெலும்பு சூப்புக்கு ஆகுமே, அதைப் போய் நாய்க்குப் போடுறீங்களே மாமா!" தாத்தா கத்தியைக் கீழே வைக்காமலே பதில் சொல்வார். "இருட்டுல பெரட்டுக்குப் போறப்ப பாதையில பாம்பு கெடந்தா மொதல்ல பாக்குறது யாரு தாயி? கூறு அதுக்கும் உண்டு." பெரட்டு என்பது விடியுமுன் தோட்டத்தில் ஆள்கணக்கு எடுப்பது. அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். ரப்பர் மர வரிசையான நிரைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு நாய் ஓடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கித்தா, அதாவது ரப்பர் மரம், வெட்டியவர்களுக்கு அது தெரியும்.

பெரிய விஷயம் மறுநாள்தான். தீபாவளி அன்று மத்தியானம் எல்லார் வீட்டிலும் கறி வெந்திருக்கும், தட்டில் எலும்பு சேர்ந்திருக்கும். தாத்தா லயத்தின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் நடப்பார். "கொழம்பு எலும்பை வெளியே வீசாதீங்க, குழி வெட்டிப் பொதைங்க." பிள்ளைகள் நாங்கள் பின்னாலேயே மண்வெட்டி தூக்கிக்கொண்டு போவோம். நாய் தோண்டாத ஆழம் வேண்டும் என்று தன் முழங்காலைத் தொட்டு அளவு காட்டுவார். விருந்தாளிகள் முன்னால், புதுச்சட்டையோடு, அதைச் செய்ய வைப்பார். கொலாஜன் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பச்சையைக் கொடு, வெந்ததைப் புதை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் திரும்பவும் சொல்கிறேன், வெந்த எலும்பு வேண்டாம்.

நுரையீரலை மட்டும் ஏன் வேகவைத்தார்? அதற்கும் காரணம் உண்டு. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாகத் தங்கும் ஒரு வகை நாடாப்புழு இருக்கிறது. அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழு வளரும், அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியேறி மனிதருக்கும் வரும். ஆடு மேய்க்கும் நாடுகளில் இது பெரிய பிரச்சினை. ஆகவே உள்ளுறுப்பு எதுவானாலும் வேகவைத்துக் கொடுங்கள். பூச்சி மருந்தையும் தவறாமல் கொடுங்கள். ஈரல் நல்லதுதான், ஆனால் வைட்டமின் ஏ அதில் மிக அதிகம். மொத்த உணவில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் ஈரலே போட்டால் நாளடைவில் கழுத்தும் மூட்டும் இறுகிவிடும்.

பன்றி இறைச்சி விற்கும் கடையிலும் எலும்பு தாராளமாகக் கிடைக்கும். அதைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. ஆஜெஸ்கி என்று ஒரு வைரஸ் நோய் உண்டு. பன்றி தாங்கிக்கொள்ளும், நாய்க்கு வந்தால் அரிப்பெடுத்து, சொறிந்து சொறிந்து, ஓரிரு நாளில் செத்துவிடும். நம் பேராக் மாநிலத்து மக்களுக்குப் பன்றிப் பண்ணை என்றாலே 1998 நினைவுக்கு வரும். ஈப்போ வட்டாரத்தில் தொடங்கிய நிபா வைரஸ் நெகிரி செம்பிலான் வரை போய், நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை எடுத்தது. பண்ணைகளைச் சுற்றியிருந்த நாய்களுக்கும் அது தொற்றியது. எனவே பன்றிக்கறி என்றால் கொழுப்பை நீக்கிய சதையை மட்டும் நன்றாக வேகவைத்து, எலும்பில்லாமல் கொடுங்கள்.

கால்நடை மருத்துவர்களில் பலர் எலும்பே வேண்டாம், பச்சையும் வேண்டாம் என்பார்கள். பல் உடையும், சிக்கும், சால்மோனெல்லா போன்ற கிருமி வீட்டுக்குள் வரும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலை. வீட்டில் கைக்குழந்தையோ, உடம்பு முடியாதவர்களோ இருந்தால் நானும் பச்சை எலும்பு வேண்டாம் என்றுதான் சொல்வேன். பிரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்பாதீர்கள், அது தூங்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீடுகளுக்கு நான் சொல்வது சூப்பு. வாங்கி வந்த கழுத்தையும் கூட்டையும் உப்பு, வெங்காயம் எதுவும் போடாமல் வேகவையுங்கள். ஆறியதும் சதையை விரலால் உதிர்த்து எடுங்கள். சின்ன எலும்புகூட விடாமல் தடவிப் பார்த்து ஒதுக்குங்கள். மேலே மிதக்கிற கொழுப்பை எடுத்துவிடுங்கள், அது கணையத்துக்கு ஆகாது. சதையையும் சாற்றையும் சோற்றில் பிசைந்து வையுங்கள். நாய் தட்டை நக்கி நகர்த்திக்கொண்டே போகும்.

பச்சை எலும்பு கொடுப்பவர்கள் பக்கத்திலேயே இருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். மறுநாள் மலம் சுண்ணாம்பு நிறத்தில் காய்ந்து உதிர்ந்தால் எலும்பு அதிகமாகிவிட்டது. முக்குகிறது, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறது, சாப்பிட மறுக்கிறது என்றால் காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

புரட்டாசி மாதம் வந்தால் பல வீடுகளில் கவுச்சி கிடையாது. நாய்க்கும் சேர்த்து விரதம் வைத்துவிடாதீர்கள். ஆவணிக் கடைசியிலேயே வாங்கிச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிப் பிரீசரில் வைத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் தனிச்சட்டியில் வேகவைத்துக் கொடுக்கலாம். பிரீசரில் இறைச்சியே வேண்டாம் என்கிற வீடாக இருந்தால் அவித்த முட்டை...

நேரம் முடியப் போகிறது என்று கை காட்டுகிறார்கள். குட்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். வெறும் சதையை மட்டும் போட்டுக் குட்டி வளர்க்காதீர்கள். சதையில் பாஸ்பரஸ், கால்சியத்தைவிடப் பதினைந்து இருபது மடங்கு அதிகம். எலும்பு வலுவில்லாமல் கால் வளைந்துபோகும். குட்டிக்கென்று தயாரித்த உணவே முதல் வருசத்துக்கு நல்லது. அப்புறம், பாசார் பின்பக்கத்தில் திரியும் நாய்களுக்கு எலும்பை வீசிவிட்டுப் போகாதீர்கள். கூட்டம் சேரும், புகார் போகும், நகராண்மைக் கழக லாரி வரும். அவற்றுக்குக் கொடுக்க வேண்டுமானால் எலும்பில்லாத சோறாக, ஒரு ஓரமாக, தின்று முடிக்கும்வரை நின்று, இலையை எடுத்துக்கொண்டு போங்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம்.