சீ.ஆர். கொப்பியில் எழுதிய சொத்து

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருநாள் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா என் சட்ட அலுவலகத்துக்கு வந்தார். அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். பாண் வாங்கிய பையில் சுற்றிய ஒரு சீ.ஆர். கொப்பியை, அதாவது தடித்த மட்டை போட்ட எழுதுகொப்பியை, எடுத்து மேசையில் வைத்தார். காலமான அவருடைய கணவர் அதில் நீல மையில் குண்டு குண்டாக எழுதியிருந்தார்: கீழ்வீடு சின்னவனுக்கு, மேல்மாடி மூத்தவளுக்கு, வங்கிக் காசு நடுவிலானுக்கு. கீழே கையொப்பமும் திகதியும். சாட்சிக்குப் பக்கத்து வீட்டு மாஸ்ரரும் கோயில் ஐயரும் ஒப்பம் வைத்திருந்தார்கள்.

"மரணசாசனத்துக்கு இது போதும்தானே தம்பி?" என்றார். தன் காலத்துக்குப் பிறகு சொத்து யாருக்கு என்று ஒருவர் எழுதிவைப்பதுதான் மரணசாசனம்.

போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வழிதான் விடுகிறது. நொத்தாரிசும் (உறுதி, சாசனம் எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருக்க, அவர்கள் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். அந்த மனிதர் மூன்று ஒப்பம் குறைவாக வாங்கிவிட்டுப் போய்விட்டார். அதைச் சொன்னபோது அம்மா கொப்பியை மூடி, அதன் மூலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மரணசாசனம் இல்லையென்றால் பொதுச் சட்டப்படி பாதி மனைவிக்கு, மிச்சப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. மூன்று பிள்ளைகள், ஆளுக்கு ஆறில் ஒன்று. பத்து வருடமாக அப்பாவைத் தூக்கி இறக்கிய சின்னவனுக்கும் ஆறில் ஒன்று, ரொறன்ரோவிலிருந்து இரண்டு தடவை வந்துபோன மூத்தவளுக்கும் ஆறில் ஒன்று. சட்டம் யார் பார்த்தது என்று கேட்காது.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர் கொழும்பில் நாற்பது வருடம் இருந்தாலும், வடக்கோடு உள்ள நிரந்தர வதிவிடத் தொடர்பை விடவில்லையென்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை அவரோடு கூடவே வரும். 1707 இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த வழமை இன்றைக்கும் வெள்ளவத்தை மாடிவீட்டுக்குள் நுழைகிறது. கலியாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கியது தேடியதேட்டம். பெற்றோர் வழி வந்தது முதுசம். இரண்டும் ஒரே பாதையில் இறங்காது. அதனால் காணி உறுதிப் பத்திரத்தைக் கொண்டுவரும்போது "காணி எப்ப வாங்கினது, ஆருடைய காசு" என்று நான் துருவிக் கேட்பேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

சரி, அந்த வீட்டுக்கு என்ன நடந்தது? ஒன்பது பேர்ச்சஸ் அளவுள்ள சின்னக் காணி. லண்டனிலிருந்த நடுவிலான், தன் சார்பில் நடந்துகொள்ள அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவத்தை ஒரு நண்பருக்கு அனுப்பினார். 1977இன் பிரிவினைச் சட்டப்படி ஆறில் ஒரு பங்குக்காரரும் வழக்குப் போடலாம். ஒன்பது பேர்ச்சஸை அந்தக் கணக்கில் துண்டு போட்டால் சிலருக்கு மலசலகூடம் கட்டத்தான் இடம் வரும். பிரிக்க முடியாத காணியை விற்கச் சொல்லி நீதிமன்றம் கட்டளையிடலாம். புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய்வர ஆகும் வருடங்களை நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் உறவிலேயே ஒருவர் இருப்பார்.

பலர் என்னிடம் கேட்பது: "மரணசாசனம் எழுதினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ரூபாயாவது எழுத வேணுமா?" வேண்டாம். விரும்பியவருக்கு விரும்பியபடி எழுதலாம், ஒரு பிள்ளையை முழுதாக விடவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பங்கு கிடைக்கப்போகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக ஒப்பம் வைக்கக்கூடாது. வைத்தால் அந்தப் பங்கு செல்லாது. எழுதிய பிறகு மறுமணம் செய்தால் பழைய சாசனம் அதோடு போய்விடும். உங்களுக்கு விளங்காத ஆங்கிலத்தில் எழுத விடாதீர்கள். தமிழில் எழுதும் அனுமதி பெற்ற நொத்தாரிசுகள் கொழும்பில் தாராளமாக இருக்கிறார்கள்.

சிலர் அவசரப்பட்டு, உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கும் நன்கொடை உறுதி எழுதிவிடுகிறார்கள். சாகும்வரை தான் அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொள்ளாமல் எழுதுவது எனக்குப் பிடிக்காத வேலை. பிறகு பிள்ளை முகம் கொடுக்காமல் போனால், கொடிய நன்றிகேட்டைக் காட்டி மீளப்பெற 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் பெற்ற பிள்ளையைப் பற்றிக் கூண்டில் ஏறிச் சொல்ல எத்தனை தாய்க்கு மனம் வரும்?

அந்த அம்மா தன்னுடைய பாதிக்கு என்னிடமே சாசனம் எழுதினார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு முறை வாசித்தார். "இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேணுமோ? சொன்னால் சண்டை வருமே" என்றார்.

"இப்ப வந்தால் நடுவில் நீங்கள் இருப்பியள் அம்மா" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே வாட்சப்பில் மூவரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். மூத்தவள் அரை மணித்தியாலம் அழுதாளாம். அப்புறம், மேல்மாடி வாடகை இப்போது யார் கையில் போகிறது என்று கேட்டாளாம்.

நன்றி, வணக்கம்.