கேமரா எங்கே நின்றது?

நண்பர்களுக்கு வணக்கம். சாமுராய் படம் என்றதும் எல்லோருக்கும் வாள்தான் ஞாபகம் வரும். எனக்குக் கேமராவைப் பற்றிப் பேச ஆசை. அதற்கு ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'ஏழு சாமுராய்' ஒன்றே போதும். 1954இல் வந்த படம். ஒளிப்பதிவு அசகாசு நகாய்.

கடைசிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டுகிற மழை, எங்கு பார்த்தாலும் சேறு, குதிரைகளில் பாய்ந்து வரும் கொள்ளைக்காரர்கள், மூங்கில் ஈட்டியோடு எதிர்த்து நிற்கிற விவசாயிகள். இதை ஷாட் ஷாட்டாகப் பிரித்து எடுக்க முடியுமா? ஒரு டேக்கில் குதிரை வழுக்கின மாதிரி அடுத்த டேக்கில் வழுக்காதே! அதனால் குரோசவா மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார். ஒன்று வழக்கமான கோணத்தில் நின்றது. இன்னொன்று சட்டென்று வந்துபோகிற முக்கியமான கணங்களுக்கு. மூன்றாவது, கிடைத்ததைப் பிடிக்கிற கெரில்லா கேமரா. அப்புறம் எடிட்டிங்கிலும் அவரே உட்கார்ந்தார்.

சரி, பல கேமராக்கள் ஓடும்போது கிட்டப் போய் நின்றால் ஒன்றின் ஃபிரேமில் இன்னொன்று விழும். தள்ளி நின்று, தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டுகிற டெலிபோட்டோ லென்ஸில் எடுப்பதுதான் வழி. அந்த லென்ஸ் முன்னால் இருப்பவனுக்கும் பின்னால் வருபவனுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அமுக்கிவிடும். குதிரையும் மழையும் மனிதனும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து வருவார்கள். பார்க்கிற நமக்கு மூச்சு முட்டுவது அதனால்தான். நடிகருக்கும் இதில் விடுதலை உண்டு. எந்தக் கேமரா தன்னைப் பிடிக்கிறது என்று தெரியாதபோது அவர் கேமராவுக்காக நடிக்க மாட்டார், சண்டைதான் போடுவார்.

படத்தின் தொடக்கத்திலும் கேமரா இப்படித் தள்ளி நிற்பது உண்டு, அது வேறு வகை. குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு திருடன் குடிசைக்குள் பதுங்கியிருக்கிறான். தகாஷி ஷிமுரா நடித்த கம்பெய் என்கிற சாமுராய் தலையை மழித்துக்கொண்டு, துறவி வேடத்தில் சோற்று உருண்டைகளோடு போகிறார். சட்டென்று உள்ளே பாய்கிறார். உள்ளே நடந்ததைக் குரோசவா காட்டவே இல்லை! திருடன் வெளியே வருகிறான், ஸ்லோ மோஷனில். நுனிக்காலில் எழும்பி, அப்படியே சரிகிறான். இடையிடையே வருகிற ஊராரின் முகங்களோ சாதாரண வேகத்தில். சாவுக்கு ஒரு வேகம், பார்த்து நிற்பவர்களுக்கு இன்னொரு வேகம். எத்தனை வாள்வீச்சைக் காட்டியிருந்தாலும் இந்தக் கனம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அந்தக் காட்சியை இப்போது போடுகிறோம். திருடனை விட்டுவிட்டு, ஒருமுறை அந்த முகங்களை மட்டும் பாருங்கள்.