ஏறுகிறேன் என்றார் பைலட்... ஹெலிகாப்டர் விழுந்துகொண்டிருந்தது! மேகத்துக்குள் என்ன நடக்கிறது?

4,000 அடிக்கு ஏறிக்கொண்டிருப்பதாகக் கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு பைலட் சொல்கிறார். அந்த நேரத்தில் அவருடைய ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பியபடி மலையை நோக்கி வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. ஏறுகிறோம் என்றுதான் அவருடைய உடம்பு அவருக்குச் சொன்னது.

வணக்கம் மக்களே! சென்னையிலிருந்து இன்றைய வீடியோ. கடைசி வரை பாருங்கள், ஏனென்றால் மீனம்பாக்கம் விஷயம் கடைசியில்தான் வருகிறது.

2020 ஜனவரி 26, லாஸ் ஏஞ்சலிஸ் அருகே கலபாசஸ். கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், அவருடைய மகள் உட்பட 9 பேர் இறந்த ஹெலிகாப்டர் விபத்து. முதலில் சொன்னேனே, அந்தப் பைலட் ஓட்டியது இதைத்தான். அன்று காலை மூடுபனி காரணமாக அந்த ஊர் போலீஸே தன் ஹெலிகாப்டர்களைக் கிளப்பவில்லை. சரி, பின்னணி இவ்வளவு போதும்.

இப்போது காதுக்குள் போவோம். எனக்கு இந்தப் பகுதி ரொம்பப் பிடிக்கும்.

(திரையில்: உள்காதின் படம்)

சின்ன வயதில் தட்டாமாலை சுற்றியிருப்பீர்கள். கையை விரித்துச் சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால், நாம் நின்ற பிறகும் தெரு சுற்றும். காரணம், ஒவ்வொரு காதிலும் இருக்கும் மூன்று அரைவட்டக் குழாய்கள். அவற்றுக்குள் ஒரு திரவம். தலை திரும்பும்போது திரவம் பின்தங்கும், அங்கிருக்கும் நுண்ணிய முடிகள் வளையும், மூளை "திரும்புகிறோம்" என்று புரிந்துகொள்ளும். ஆனால் ஒரே வேகத்தில் ஏறக்குறைய 20 நொடி சுற்றினால் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கிவிடும். முடிகள் நிமிர்ந்துவிடும். மூளைக்குப் போகும் செய்தி: நேராகப் போகிறோம்! மெதுவான திருப்பம் என்றால் காதுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியாது.

தரையில் இருக்கும்போது கண் இதைத் திருத்திவிடும். மேகத்துக்குள் கண்ணுக்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போது பைலட் திருப்பத்தைச் சரிசெய்தால், எதிர்ப்பக்கம் சாய்வதுபோல் அவருக்குத் தோன்றும். உடனே பழைய சாய்வுக்கே திரும்பக் கொண்டுபோவார். கருவி ஒன்று சொல்லும், உடம்பு வேறு சொல்லும். உடம்பை நம்பாமல் இருக்கத் தொடர்ந்து பயிற்சி வேண்டும்.

1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானம் ஓட்டச் சொன்னார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரி 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை, மக்களே!

அது விமானத்தில். ராபின்சன் ஆர் 44 போன்ற நாலு இருக்கை லைட் ஹெலிகாப்டரை நினைத்துப் பாருங்கள். பலவற்றில் ஆட்டோபைலட் கிடையாது, கையை எடுத்தால் அது தானாக நிமிராது.

அப்புறம் ஏன் உள்ளே போகிறார்கள்? கலபாசஸ் விசாரணையில் வந்த ஒரு விஷயம் என்னை உலுக்கியது. அந்த ஹெலிகாப்டரை இயக்கிய நிறுவனத்தில் பறப்பதற்கு முன் அபாயத்தைக் கணக்கிட ஒரு படிவம் உண்டு. பைலட் அதை முன்கூட்டியே நிரப்பியிருந்தார். புறப்படும் நேரத்து வானிலையைப் போட்டு மறுபடி நிரப்பியிருந்தால், மேலதிகாரியிடம் பேச வேண்டியிருக்கும், மாற்றுத் திட்டம் ஒன்றும் எழுத வேண்டியிருக்கும். வழியில் எங்கே இறங்குவது என்ற அந்த ஒரு வரி! ஹெலிகாப்டருக்கு ஓடுபாதைகூட வேண்டாம். நடுவழியில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்லும். இறங்குவதா திரும்புவதா என்பதைத் தரையில் இருக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. 2021 டிசம்பர் 8 குன்னூர் விபத்து ஞாபகம் இருக்கிறதா? சூலூரிலிருந்து கிளம்பிய விமானப்படை ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததாகத்தான் விசாரணை சொன்னது.

இப்போது மீனம்பாக்கம். விமான நிலையத்தின் வானிலை அறிக்கைக்கு மீட்டார் என்று பெயர், அரை மணிக்கு ஒருமுறை வரும், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதில் 22/22 மாதிரி ஒரு ஜோடி எண் இருக்கும். முதல் எண் வெப்பநிலை. இரண்டாவது பனிப்புள்ளி, அதாவது காற்றில் உள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை. இரண்டும் நெருங்கிவிட்டால் மூடுபனிக்கு வாய்ப்பு அதிகம். போகி அன்று விடியற்காலையில் டயர் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் தாமதமானதை நாம் பார்த்திருக்கிறோமே!

கோவை, மதுரை, திருச்சி நண்பர்களே, நாளைக் காலை 6 மணிக்கு உங்கள் ஊர் மீட்டாரைத் திறந்து அந்த இரண்டு எண்களையும் கமெண்ட்டில் போடுங்கள். சென்னை எண்களை நான் போடுகிறேன்.