எத்தனை மணிக்கு?

நேயர்களுக்கு வணக்கம். புலனாய்வு இதழியல் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, அந்தச் சொல் எனக்கு அளவு பெரிய சட்டை போலத் தோன்றியது. தருமபுரி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் பல ஆண்டுகள் தாலுகா நிருபராக இருந்தவன் நான். மறைத்துவைத்த கேமராவையோ நள்ளிரவில் கைமாறும் கோப்புகளையோ கண்டவன் அல்லன். அதிகாரத்தில் இருப்பவர்களிடமும் நீதிமன்ற வளாகங்களிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: எத்தனை மணிக்கு?

அந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு புளி வியாபாரி. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

1980களின் கடைசி ஆண்டுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு காவல் நிலையத்திலிருந்து வந்த செய்திக் குறிப்பை அப்படியே எழுதி அனுப்பினேன். வியாழன் இரவு பத்து மணிக்குப் பேருந்து நிலையம் அருகே சந்தேகப்படும்படி நின்ற ஒருவர் பிடிபட்டார், விசாரித்ததில் திருட்டை ஒப்புக்கொண்டார், வெள்ளிக்கிழமை காலை நீதித்துறை நடுவர் முன் ஆஜர்படுத்தப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார் என்பது செய்தி. இரவு பத்து மணி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை தேநீர்க் கடையில் அந்த வியாபாரி பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஏம்பா தம்பி, வியாழன் ராத்திரி புடிச்சாங்கன்னு போட்டிருக்கியே, அவன் புதன்கிழமை சந்தையிலே என் மூட்டையைத் தூக்கிக்கிட்டு இருக்கும்போதே கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களே" என்றார். ஒருநாள் முன்னே பின்னே இருந்தால் என்ன என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன். கைது செய்யப்பட்ட எவரையும், பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு சொல்கிறது. புதன் பகலில் பிடித்து வெள்ளி காலையில் நிறுத்தினால் கிட்டத்தட்ட இரண்டு நாட்கள். வியாழன் இரவு என்று எழுதிவிட்டால் பாதி நாள்தான். இடையில் காணாமற்போன அந்த ஒன்றரை நாளில்தான் அவர் 'ஒப்புக்கொண்டிருக்கிறார்'.

வாய்ச்சொல் போதாது, தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் மண்டிக்கு அழைத்துப்போய்க் கூலிக் கணக்குச் சிட்டையைக் காட்டினார். சுமை தூக்கிய நால்வரில் மூவருக்குப் புதன்கிழமை முழு நாள் கூலி. அந்த ஒருவர் பெயருக்கு நேரே 'அரை' என்று மட்டும் எழுதியிருந்தது. வியாழக்கிழமைக் கட்டத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டை விடப் பெரிய ஆவணம் எதையும் என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததாக நினைவில்லை. அந்தக் காவல் நிலையத்துக்கு உணவு கொடுத்துவந்த சாப்பாட்டுக் கடைக்காரரும் தம் கணக்கு நோட்டைக் காட்டினார். புதன் இரவு, வழக்கத்துக்கு மேல் ஒரு சாப்பாடு. காட்டிவிட்டு, "இதை எழுதிவிடாதீர்கள், நான் கடை நடத்த வேண்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எழுதவில்லை. ஒரு கூலிச் சிட்டையை மட்டும் வைத்துக்கொண்டு காவல்துறை மீது செய்தி போட முடியாது என்றார் ஆசிரியர். மற்ற நோட்டைப் பற்றி அவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. கடைசியில், கைதான நாள் குறித்துக் கருத்து வேறுபாடு நிலவுகிறது என்று நான்கு வரி, உள்பக்கத்தில் வந்தது. அந்தச் சுமைத் தொழிலாளி ஜாமீனில் வந்த பின் ஊரை விட்டே போய்விட்டார். நான் எழுதிய முதல் செய்திதான் அவர் வீட்டு வாசல்வரை போயிருந்தது.

இவ்வளவு கற்றும், 1992 ஜூன் மாதம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினேன். கிருஷ்ணகிரி நேயர்கள் கவனிக்க வேண்டும்: 2004இல்தான் உங்கள் மாவட்டம் பிரிந்தது; அன்று நாம் எல்லோரும் ஒரே மாவட்டம். சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில் சந்தன மரக்கட்டைகளைத் தேடி அதிகாரிகள் போனார்கள், கட்டைகள் பறிமுதல், தடுத்தவர்கள் கைது என்ற அரசுத் தரப்பைத்தான் நானும் அனுப்பினேன்.

ஜூன் 20ஆம் நாள் நடந்தது என்ன என்பது இன்று நீதிமன்றத் தீர்ப்பாகவே இருக்கிறது. வனத்துறை 155 பேர், காவல்துறை 108 பேர், வருவாய்த்துறை 6 பேர், ஆக 269 பேர் மீது பிற்பாடு குற்றம் சாட்டப்பட்டது. மக்களை ஆலமரத்தடியில் திரட்டினார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். அதன்பின் அரூர் வனச்சரக அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இரவு முழுவதும் வைத்திருந்தார்கள். பிறகு சேலம் சிறை. சிறைக்குப் போனவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். மரத்தடிக்கும் சிறைவாசலுக்கும் இடைப்பட்ட அந்த நேரம்தான் முழு வழக்கும். எத்தனை மணிக்கு அழைத்துப் போனீர்கள், பெண்களை இரவில் எந்தச் சட்டப்படி அலுவலகத்தில் வைத்திருந்தீர்கள் என்று மறுநாளே ஒரு நிருபர் கேட்டிருந்தால் அரசுக் குறிப்பு அங்கேயே தடுமாறியிருக்கும். நான் கேட்கவில்லை. கேட்டவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியினரும். அக்கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் நல்லசிவன் நீதிமன்றம் போனார். 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

அதன் பிறகு வாய்தா. வாய்தா என்ற சொல்லின் எடை நீதிமன்ற வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். ஒருநாள் கூலியை விட்டு, சோற்றைக் கட்டிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி வந்து, 'அடுத்த மாதம் வாருங்கள்' என்பதைக் கேட்டுத் திரும்புவது. அந்தப் பெண்கள் அப்படி எத்தனை முறை வந்தார்கள் என்று எண்ணி எழுதியிருந்தால் அதுவே ஒரு புலனாய்வுச் செய்தியாகியிருக்கும். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம், உயிரோடு எஞ்சியிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச் மாதம் ஊருக்கே வந்து பார்த்தார். அதே ஆண்டு, அதே செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கையும் உத்தரவிட்டார். சம்பவத்திலிருந்து 31 ஆண்டுகள். தீர்ப்பு வந்த இரண்டு நாட்களிலும் கேமராக்கள் நிறைந்திருந்தன. இடைப்பட்ட வாய்தாக்களுக்கு யாரும் வரவில்லை என்பது, என்னையும் சேர்த்துச் சொல்கிறேன், எங்கள் தொழிலின் பெருங்குறை.

நேரம் பற்றிப் பேசும்போது நம் ஊரின் மற்றொரு நாளையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2000 பிப்ரவரி 2. சென்னையில் முன்னாள் முதலமைச்சர் ஒருவருக்கு ஓட்டல் கட்டட வழக்கில் தண்டனை வந்த அன்றே, அதை எதிர்த்த போராட்டத்தில் இங்கே இலக்கியம்பட்டியில் வேளாண் கல்லூரிப் பேருந்து கொளுத்தப்பட்டு மூன்று மாணவிகள் இறந்தார்கள். கேமராக்கள் இருந்தும் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். ஒரு மாணவியின் தந்தை உயர் நீதிமன்றம் சென்ற பிறகே வழக்கு சேலத்துக்கு மாறியது. 2007இல் மூவருக்கு மரண தண்டனை; 2016இல் அது ஆயுளாகக் குறைந்தது; 2018இல் மூவரும் விடுதலை.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து நண்பர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார்; இன்னும் இரண்டு நிமிடங்கள் என்று பொருள். 1979இல் பீகார்ச் சிறைகளில், தண்டனைக் காலத்தை விட அதிகமாக விசாரணைக் கைதிகளாகவே கிடந்தவர்களைப் பற்றிய பத்திரிகைக் கட்டுரைகள் உச்ச நீதிமன்றம்வரை போய், விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்ற தீர்ப்பைக் கொண்டுவந்த கதையை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நீதிமன்றப் பதிவேடு போன்ற பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்ற உச்ச நீதிமன்றத்தின் 1994 தீர்ப்பும் அப்படியே நிற்கிறது.

நேயர்களுக்குப் பயன்படுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். மிகவும் உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக, மற்றவற்றை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. கையில் கிடைத்ததும் அதில் மூன்று நேரங்களைப் பாருங்கள்: சம்பவம் நடந்த நேரம், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரம், அறிக்கையை நீதிமன்றத்துக்கு அனுப்பிய நேரம். மூன்றாவது பல நாட்கள் தள்ளியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாட்களில் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதென்றால் 48 மணி நேரம். அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம். அனுப்பும்போது விரைவு அஞ்சலின் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் நாளும் நேரமும் அச்சாகியிருக்கும். விளக்கு எரிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.