கிணறும் மருந்து பாட்டிலும்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். பிள்ளைகளின் ஆங்கிலச் சொல்வளத்தை எப்படி வளர்ப்பது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு நாள் காலையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் மேசையோரம் வந்து நின்றாள். "டீச்சர், மருந்துக்கும் கிணத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா கேக்குற?" என்றேன். பையிலிருந்து ஒரு மருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவள் அப்பாயிக்கு நெஞ்செரிச்சலுக்காக வாங்கியது. லேபிளில் பொடி எழுத்தில் 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்' என்று அச்சடித்திருந்தது. ஷேக் என்றால் குலுக்கு, தெரியும். பிஃபோர் என்றால் முன்னால். யூஸ் என்பதை வீட்டிலேயே சொல்கிறோம். வெல் என்றால் கிணறு. குலுக்கு, கிணறு, முன்னால், உபயோகம். ராத்திரி பூராவும் யோசித்திருக்கிறாள் குழந்தை.

பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முக்கால் பாட்டில் காலி. அடியில் ஒரு விரல்கடை உயரத்துக்கு மருந்து வெள்ளையாகப் படிந்து கிடந்தது. ஒரு வாரமாக அந்த அப்பாயி மேலே நின்ற தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்.

அந்தப் பெண் மேல் தப்பே இல்லை. தினமும் ஐந்து வார்த்தை, இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதிவரச் சொன்னவள் நான். அவள் நோட்டில் 'வெல் – கிணறு' என்று இருந்ததற்குச் சிவப்பு மையில் டிக் போட்டவளும் நான்தான். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

தமிழில் நாம் இப்படி மாட்டிக்கொள்வதில்லை, கவனித்திருக்கிறீர்களா? 'படி' என்று ஒரு சொல். மாடிப்படி என்கிறோம். பாடத்தைப் படி என்கிறோம். ஒரு படி அரிசி என்கிறோம். நான் சொன்னபடி செய் என்கிறோம். மூன்று வயதுப் பிள்ளைகூடக் குழம்புவதில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்தான் அர்த்தத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மாடி பக்கத்தில் இருந்தால் ஒன்று, அரிசி பக்கத்தில் இருந்தால் வேறொன்று. ஆங்கிலத்துக்கும் இதே வழிதான். ஷேக் பக்கத்தில் வந்த வெல், 'நன்றாக' என்ற வெல். தண்ணீர், கயிறு, வாளி பக்கத்தில் வந்தால் அது கிணறு. ஆகவே ஒரு சொல்லைத் தனியாகப் பிடுங்கி எழுதாதீர்கள். அது இருந்த வாக்கியத்தோடு எழுதுங்கள்.

இன்னொன்று பாருங்கள். இதே வானொலியில் வானிலை அறிக்கை கேட்கிறீர்கள். பலத்த மழை, பலத்த காற்று என்று இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தமிழில் போடலாம். அதனால் பிள்ளைகள் 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் காற்றுக்குத்தான் ஸ்ட்ராங், மழைக்கு ஹெவி. நாமே கனமழை என்றும் சொல்கிறோமே, அந்தக் கனம்தான் ஹெவி. அதே மாதிரி கனவு கண்டேன் என்பதை 'சா எ டிரீம்' என்கிறார்கள். ஆங்கிலத்தில் கனவைக் காண்பதில்லை, 'ஹேட் எ டிரீம்' என்பார்கள். மருந்து சாப்பிடுவதற்கு 'ஈட்' வராது, 'டேக்' வரும். ரெயின், டிரீம், மெடிசின் மூன்றும் பிள்ளைக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். எந்த வார்த்தை எதோடு சேரும் என்பதுதான் தெரியவில்லை.

மைக்கேல் வெஸ்ட் என்று ஓர் ஆங்கிலேயர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தவர். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு முதலில் தேவைப்படும் சுமார் 2,000 சொற்களைத் தொகுத்து 1953-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அதில் எனக்குப் பிடித்த விஷயம் எண்ணிக்கை இல்லை. ஒரு சொல்லுக்கு நாலு அர்த்தம் இருந்தால், எந்த அர்த்தம் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்றும் அதில் குறித்திருக்கிறார். நம் பெற்றோர் பெரிய பெரிய வார்த்தையாகத் தேடிப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்விக்கிறார்கள். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். கெட், புட், டேக், ரன், வெல் மாதிரிச் சின்னச் சொற்களுக்குள்தான் பாதி ஆங்கிலம் இருக்கிறது.

எப்படி எழுதுவது? ஒரு பக்கத்துக்கு ஒரு சொல் போதும். எங்கே பார்த்தோம் என்று குறிக்க வேண்டும்: மருந்து பாட்டில், பஸ் கண்ணாடி, பிஸ்கட் பாக்கெட். பார்த்த வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். கீழே இடம் விட்டுவைக்க வேண்டும். அதே சொல் வேறு அர்த்தத்தில் ஒரு நாள் வரும், அப்போது எழுத இடம் வேண்டுமே. எழுதியதை மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரே ராத்திரியில் நூறு தடவை சொல்வதைவிட இந்த மூன்று தடவை நிற்கும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சொற்குடும்பம் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். ஒன்றே ஒன்று. சில ஆங்கிலச் சொற்களுக்குள் 'போர்ட்' என்று ஒரு துண்டு வரும், லத்தீனில் சுமப்பதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. உள்ளே சுமந்து வந்தால் இம்போர்ட், வெளியே சுமந்து போனால் எக்ஸ்போர்ட், ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை சுமப்பவர் போர்ட்டர். மிச்சத்தைப் பிள்ளைகளே தேடட்டும். அகராதி வாங்கினால் உதாரண வாக்கியம் உள்ளதாக வாங்குங்கள்.

இன்று ராத்திரி சமையலறையிலிருந்து ஒரு மசாலா பாக்கெட்டை எடுத்துப் பிள்ளை கையில் கொடுங்கள். 'ஸ்டோர் இன் எ கூல், டிரை பிளேஸ்' என்று இருக்கும். ஸ்டோர் என்றால் கடைதானே என்று கேட்கும். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். வணக்கம்.