குறுக்குத்துறை வெள்ளமும் செல்ஃபி மூக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்துத் தாமிரபரணியில் தண்ணீர் ஏறினால், திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூழ்கடிக்கிற வீடியோ எல்லார் போனுக்கும் வந்துவிடும். படம் பொய்யில்லை. எந்த வருஷத்து வெள்ளம் என்பதுதான் கேள்வி. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற அந்தக் கோயில் எத்தனையோ வெள்ளத்தில் முங்கி எழுந்தது. கல் மண்டபத்தைப் பார்த்து ஆண்டைச் சொல்ல முடியாது. நம் முகப் படத்துக்கும் இதே கதிதான்: பொய்யில்லை, ஆனால் அப்படியே நம்பவும் முடியாது. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

செல்ஃபி எடுக்கும்போது போனுக்கும் மூக்குக்கும் நடுவே ஓரடி, ஒன்றரை அடிதான். காது அதற்கும் நாலைந்து அங்குலம் பின்னால். அவ்வளவு கிட்டத்தில் அந்த நாலைந்து அங்குலமே பெரிய வித்தியாசம். மூக்கு உப்பும், காது ஒடுங்கும். 5 அடி தூரத்துப் படத்தைவிட 12 அங்குலத்துச் செல்ஃபியில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். போனை அலமாரியில் சாய்த்து வைத்து, 5 அடி தள்ளி நின்று, பின்பக்கக் கேமராவில் டைமர் போட்டு எடுத்துப் பாருங்கள். மூக்கு தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

அடுத்த குழப்பம் இடம் வலம். கண்ணாடியில் தினமும் பார்ப்பது திரும்பிய முகம். பிறர் எடுத்த படத்தில் வகிடு அந்தப் பக்கம் போய், வாய் லேசாகக் கோணி, ‘இது நானா?’ என்றிருக்கும். 1977இல் நடந்த ஓர் ஆய்வில் கல்லூரிப் பெண்களில் பெரும்பாலோர் தங்கள் கண்ணாடி முகத்தையே விரும்பினார்கள். அவர்களுக்கு நெருங்கியவர்களுக்கோ நேர்ப்படம்தான் பிடித்தது. பழக்கம்தான், அழகில் குறைச்சல் இல்லை.

பல போன்களில், தோலை மழமழப்பாக்கிக் காட்டுகிற பியூட்டி மோட் வாங்கும்போதே போட்டிருக்கும். கேமரா செட்டிங்கில் அதைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த மெழுகுத் தோலுக்குக் கண் பழகி, கண்ணாடியில் தெரிகிற பருவெல்லாம் நோய் மாதிரி உறுத்தும். லைக் எண்ணிக்கையை மறைக்கவும் இன்ஸ்டாகிராமில் 2021 முதல் வழி உண்டு.

இனி வெள்ளத்துக்கு வருவோம். வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி ஐந்து கை தாண்டிவிட்டால் இரட்டை அம்புக்குறி விழும். 2020 ஏப்ரல் முதல் அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும். ஆனால் வீடியோவை போனில் சேமித்துப் புதிதாக ஏற்றினால் அம்பு காணாமல் போகும். அம்பு இல்லை என்பதற்காகப் பக்கத்துத் தெருக்காரர் எடுத்தது என்று நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்ஆப் படக் கோப்பின் பெயரிலுள்ள தேதியும் நமக்கு வந்த தேதிதான், எடுத்த தேதி இல்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடுகிற கூகுள் லென்ஸில் போட்டால், பழையதாக இருந்தால் பெரும்பாலும் முந்தைய வருஷச் செய்தி எட்டிப்பார்க்கும்.

குரல் பதிவுக்கு அந்த வழியும் கிடையாது. “அண்ணாச்சி, இன்னிக்கு ராத்திரி பாபநாசம் அணையத் தொறக்காவளாம்” என்று வருகிறதே, அந்த ‘இன்னிக்கு’ எந்த வருஷத்திலும் செல்லும். பதிலுக்கு மூன்றே கேள்வி அனுப்புங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை கன அடி? கலெக்டர் அலுவலக அறிவிப்பு என்றால் இந்த மூன்றும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.