ஐலாத் தீவின் விஸ்கியைச் சுவைக்கும் முறை

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலோரத்திலுள்ள ஐலாத் தீவின் தென்கரையில், லஃப்ரோய்க், லகவூலின், ஆர்ட்பெக் என்னும் மூன்று வடிசாலைகள் சிறிது தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றுள் லகவூலினின் 16 ஆண்டு விஸ்கியை முன்வைத்து, சிங்கிள் மால்ட் ஒன்றை அறிந்து சுவைக்கும் முறையைச் சொல்ல விரும்புகிறேன்.

முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில் வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்திருந்த விஸ்கிக்கே சிங்கிள் மால்ட் ஸ்காட்ச் என்ற பெயருக்கு உரிமை உண்டு. அந்த வடிசாலையின் பல பீப்பாய்களைச் சேர்த்தும் ஒரு சீசாவை நிரப்பலாம். சீட்டில் காணும் 16 என்பது, சேர்ந்தவற்றுள் மிக இளையதன் வயது.

நிறத்தைக் கொண்டு தரத்தைக் கணிப்பவர்கள் பலர். வடித்தெடுக்கும்போது நிறமற்றிருக்கும் திரவத்திற்குப் பீப்பாயின் மரமே நிறம் தருகிறது என்பது உண்மைதான். ஆனால் கேரமல் நிறமூட்டியைச் சேர்க்கவும் சட்டம் இடம் தருவதால், இந்த விஷயத்தில் கண் நல்ல சாட்சி அல்ல.

மூக்கையே நம்ப வேண்டும். அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் சிறிதளவு ஊற்றி, மூக்கை உள்ளே நுழைக்காமல், உதடுகளைச் சற்றே திறந்தபடி முகர்ந்தால் ஆல்கஹாலின் காரம் மட்டுப்படும். முதலில் எழுவது புகை. ஈரமான பார்லி முளையைச் சூளையில் உலர்த்தும்போது, பீட் எனப்படும் சதுப்புநிலக் கரியை எரிப்பதால் உண்டாகும் ஃபீனால் சேர்மங்கள் தானியத்தில் படிந்து, வடித்த பின்னும் பீப்பாயில் கிடந்த பின்னும் நீங்காமல் நிற்கின்றன. (அந்த உலர்த்தல் இப்போது லகவூலினில் நடப்பதில்லை, அருகிலுள்ள போர்ட் எல்லன் ஆலையிலிருந்தே பார்லி முளை வருகிறது.) அயோடினையும் தாரையும் நினைவூட்டும் அந்த நெடியில் முகம் சுளித்துக் குவளையை வைத்துவிடுபவர்கள், அதற்குப் பின்னால் மெல்ல வரும் உலர்திராட்சையின் இனிமையை இழந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் சேர்ப்பது விஸ்கிக்குச் செய்யும் அவமரியாதை என்ற வீம்பு எனக்கு உடன்பாடில்லை. விஸ்கி கலவை வல்லுநர்களே முகர்ந்து பார்க்கும்போது, ஆல்கஹால் 20 சதவிகிதம் அளவுக்கு வரும்வரை நீர் சேர்க்கிறார்கள். புகை மணத்திற்குக் காரணமான குவாயகால் என்னும் சேர்மம், நீர் சேரச் சேரத் திரவத்தின் மேற்பரப்பை நாடி வருகிறது என்று 2017இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியாக்கம் மூலம் காட்டினார்கள். 43 சதவிகிதம் கொண்ட லகவூலினுக்குச் சில துளிகளே போதும். பனிக்கட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். குளிர்ச்சி மணத்தை அடக்கிவிடும்.

ஒரே அமர்வில் பல விஸ்கிகளைச் சுவைப்பதாயின், சிறுசிறு அளவாக, இதைக் கடைசியில் வையுங்கள். இதன் புகை நாவில் நெடுநேரம் தங்குவதால், பின்னால் வரும் மென்மையான விஸ்கியின் மணம் எதுவும் பிடிபடாது.